தட்டில் விழுந்த வெயில்

உலர்திராட்சையை நாக்கின் மேல் வைத்துக்கொள்ளுங்கள், கடிக்க வேண்டாம், அது அங்கே இருப்பதை மட்டும் கவனியுங்கள் என்று திரையில் சுபத்ரா மேடம் சொன்னதும் சொர்ணலதா அப்படியே செய்தாள். சொன்னதைச் செய்வதில் அவள் என்றைக்கும் குறை வைத்ததில்லை. அதனால்தான் டீம் லீட் ஆனாள், அதனால்தான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சோழிங்கநல்லூர் ஃபிளாட்டின் படுக்கையறை மூலையில், மேலே இஸ்திரி போட்ட குர்தாவும் கீழே நைட் பேண்ட்டுமாக, வாயில் ஒற்றைத் திராட்சையோடு உட்கார்ந்திருந்தாள். மன உறுதி வாரமாம். ஆபீஸிலிருந்து ஆளுக்கொரு பொட்டலம் கூரியரில் வந்திருந்தது, பாதாம் கொஞ்சம், அத்தி கொஞ்சம், திராட்சை கொஞ்சம். சாப்பிட நேரம் தரமாட்டார்கள், சாப்பிடுவது எப்படி என்று வகுப்பு எடுப்பார்கள். வகுப்பில் கேமரா கட்டாயம். சின்னச் சின்னக் கட்டங்களில் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு, கண்ணை அகல வைத்துக்கொண்டு, ஏதோ குற்றம் செய்து பிடிபட்டவர்களாகத் தெரிந்தார்கள். திராட்சை ஊறியது. இனிப்பு தொண்டை வரை போனது, தொண்டை வேண்டாம் என்றது. கொஞ்ச நாளாகவே இப்படித்தான். லேப்டாப் திறந்திருக்கும்போது எதை வாயில் போட்டாலும் இறங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது, மூடிவிட்டால் இறங்கும், ஆனால் எப்போது மூடுவது? காபி இறங்கும். மகளின் டிபன் டப்பாவில் மிஞ்சிய அரை இட்லியை நின்றுகொண்டே விழுங்கினால் இறங்கும். டாக்டர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கே, என்னம்மா சாப்பிடறீங்க என்று கேட்டபோது, நேரத்துக்குச் சாப்பிடறேன் டாக்டர் என்று கூசாமல் சொன்னாள். சொல்லும்போதே உள்ளுக்குள், இரும்புச்சத்துக் குறைவு, டி ஐம்பது புள்ளி ஒன்பது, என்று ஓடியது. அதுதானே அவள் பிழைப்பு. எங்கோ அமெரிக்க ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களின் கேஸ் ஷீட்டைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போட்டு அனுப்ப வேண்டும், அந்த எண்ணைப் பார்த்துத்தான் இன்சூரன்ஸ்காரன் பணம் தருவான். முகம் தெரியாத கிழவர்களின் ஈரல் என்ன நிலைமையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தன் டீமில் யார் யார் மத்தியானம் என்ன தின்கிறார்கள் என்பதும் இந்த வாரம் தெரியும், ஏனென்றால் அவரவர் தட்டைப் படம் பிடித்து குரூப்பில் போட வேண்டும் என்று உத்தரவு. சத்தான தட்டுக்குப் பாயிண்ட். ஒருத்தர் விடாமல் போட்டால் டீமுக்குக் கூடுதல் பாயிண்ட். "சாப்பிடுறீங்களோ இல்லையோ, போட்டோவ மட்டும் போட்டுடுங்கப்பா" என்று காலை மீட்டிங்கில் சிரித்துக்கொண்டே சொன்னவள் இவள்தான். எல்லோரும் சிரித்தார்கள். பூபாலனும் சிரித்தான்.

பூபாலனின் தட்டு இன்றைக்கும் வந்திருந்தது. சோறு, கீரைக் கூட்டு, இரண்டாக வெட்டிய அவித்த முட்டை, ஓரத்தில் வெள்ளரிக்காய். மடியில் இருந்த போனில் அதைத் திறந்து, நல்ல பையன், சொன்னால் கேட்கிறான் என்று ஒரு கட்டைவிரலைத் தட்டிவிடப் போனவள், தட்டாமல் நிறுத்தினாள். தட்டின் குறுக்கே வெயில் விழுந்திருந்தது. ஜன்னல் கம்பியின் நிழலோடு பளிச்சென்று விழுந்து முட்டையின் மஞ்சள் மினுங்கியது. சொர்ணலதா தலையைத் திருப்பித் தன் ஜன்னலைப் பார்த்தாள். விடிந்ததிலிருந்து மழை. எதிர் பிளாக் கண்ணுக்கே தெரியவில்லை. நாவலூரில் அவன் குடியிருக்கும் மாடி ரூம் இங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர்தான், அங்கே மட்டும் வெயில் காயுமா? பழைய படம். வாரத் தொடக்கத்தில் மழை வருவதற்கு முன்னால் எடுத்தது. சரி, பழைய படத்தைப் போட்டால்தான் என்ன, அவளே போடுகிறாள். ஃபிரிட்ஜில் ஒரு கிண்ணம் சுண்டல் இதற்கென்றே இருக்கிறது. எடுப்பாள், பக்கத்தில் கேரட்டை அடுக்குவாள், படம் பிடிப்பாள், திரும்ப உள்ளே வைத்துவிடுவாள், ஊசிப்போன வாடை படத்தில் வராது. டீமில் பாதிப் பேர் இந்த லட்சணம்தான். அவள் சாப்பிடாவிட்டால் முடி கொட்டும். பூபாலன் சாப்பிடாவிட்டால். நினைப்பு அந்த இடத்தில் நின்றது, திராட்சையைப் போலவே, மேலே போகாமல் கீழேயும் இறங்காமல். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. ஊசி போட்டுக்கொண்டால் சாப்பிட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை மடமடவென்று இறங்கிவிடும், கை நடுங்கும், வேர்க்கும், பேச்சு குழறும், அதற்கப்புறம் ஆள் விழுந்துவிடுவான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறு யாரிடமும் சொல்லாதீங்கக்கா, சீக்காளின்னு ஒதுக்கிடுவாங்க என்று அவளிடம் மட்டும் சொல்லியிருந்தான். ஆரணிப் பக்கத்துப் பையன், அவளை மேம் என்று கூப்பிட வராது அவனுக்கு, அக்காதான். காலையில் மீட்டிங்கில் அவன் பேசினான், பேசினான்தானே? "முந்தா நாள் பாக்கி கேஸ் ஷீட் இருக்குக்கா, முடிச்சுட்டு சாப்பிடறேன்" என்றான். முடிச்சுட்டு என்பதை இழுத்த மாதிரி இருந்தது. நெட் இழுக்கிறது என்று நினைத்தாள். மழை நாளில் எல்லோருக்கும் நெட் இழுக்கும். இல்லை, நெட் இழுத்தால் வார்த்தை அறுந்து அறுந்து வரும். இது அறுபடவில்லை, குழைந்தது. அப்படித்தான் இருந்ததா, இப்போது தானாகக் கற்பனை செய்து கொள்கிறாளா? ஆனால் படம் இப்போதுதானே வந்தது, கொஞ்சம் முன்னால், அவன் கையால்தானே அனுப்பியிருப்பான்? இல்லை. காலையிலேயே நேரம் குறித்து வைத்துவிட்டால் குறித்த நேரத்துக்கு அது தானாகப் போய்விடும். அவளும் அப்படித்தான் அனுப்புகிறாள்.

இப்போ மெதுவாக ஒரு கடி, ஒரே ஒரு கடி என்றாள் சுபத்ரா மேடம். சொர்ணலதா கடித்தாள். லேப்டாப்பின் ஓரத்தில் மேனேஜர் முகுந்தனின் செய்தி எட்டிப் பார்த்தது. பூபாலன் ஏன் இன்னும் செஷனுக்கு வரவில்லை, பச்சையில்தானே இருக்கிறான்? இருந்தான். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி, ஆள் இருக்கிறான், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறான் என்று அர்த்தம். மழையில் நெட் சரியில்லையாம் சார், என்னிடம் சொன்னான் என்று அவள் விரல்கள் அடித்து அனுப்பிவிட்டன. அனுப்பிய பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது, தும்மல் வந்தால் கை தானாக மூக்குக்குப் போகும் இல்லையா, அப்படி வந்த பொய். ஆளை மூடி மறைத்துக் காப்பாற்றியே அவளுக்குப் பழகிவிட்டது. ரெஜினா விஷயத்துக்குப் பிறகு இன்னும் அதிகம். ரெஜினா எங்கே, பதிலே காணோமே, யாராவது பார்த்தீர்களா என்று ஒரு நாள் பொதுக் குரூப்பில் கேட்டுத் தொலைத்தாள், அக்கறையில்தான் கேட்டாள், முகுந்தன் அதைப் படித்து ரெஜினாவின் கணக்கை நோண்டி, வேலை நேரத்தில் அவள் மெஷின் முன்னால் இல்லாததையெல்லாம் தோண்டி எடுத்துவிட்டார். காய்ச்சலில் கிடந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தாள் ரெஜினா. அந்த வாரமே சீட்டைக் கிழித்துவிட்டார்கள். பரவாயில்ல மேம், நீங்க வேணும்னு செய்யல என்று கடைசியாக ஒரு செய்தி அனுப்பினாள். திட்டியிருந்தால் தேவலை. அன்றைக்கு எடுத்த முடிவு, யாரைப் பற்றியும் வாயைத் திறப்பதில்லை. யார் பச்சையில் இருக்கிறார்களோ அவர்கள் இருக்கிறார்கள், தீர்ந்தது கதை. ஆனால் அந்தப் பச்சையின் யோக்கியதை என்ன என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? ஓடுகிற கைக்கடிகாரத்தின் கண்ணாடி மேல் மவுஸை வைத்தால் போதும், விநாடி முள் நகர நகரத் திரையில் அம்புக்குறி அசைந்துகொண்டே இருக்கும், புள்ளி மஞ்சளாக மாறாது, ஆள் எழுந்து போய்க் குளிக்கலாம், குழந்தையை ஸ்கூல் வேனில் ஏற்றலாம். அவள் தன் கணவனின் பழைய வாட்ச்சை அதற்குத்தான் வைத்திருக்கிறாள். பூபாலனுக்கும் அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். நல்லதுக்குத்தான் சொன்னாள், சத்தியமாக நல்லதுக்குத்தான். எழுந்து போனா புள்ளி மஞ்சளாயிடும்க்கா, அதான் உட்கார்ந்தே இருந்துடறேன் என்று அவன் பட்டினி கிடந்ததைக் கேட்டு வயிறு எரிந்துதான் சொன்னாள். "ஒரு வாட்ச் வாங்கிக்கடா. நீ கடைக்குப் போய் நிம்மதியா சாப்ட்டு வா, அதுவரைக்கும் அது உனக்குப் பதிலா உட்கார்ந்திருக்கும்." ரோட்டோரக் கடையில் வாங்கி, மவுஸோடு படம் பிடித்து அவளுக்கு மட்டும் அனுப்பினான், பெரிய விருது வாங்கின மாதிரி.

அப்படியானால் பச்சை என்றால் அவன் சாப்பிடப் போயிருக்கிறான் என்றும் வைத்துக்கொள்ளலாம். ஏன் வைத்துக்கொள்ளக் கூடாது? வாட்ச்சை வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருப்பான், மழைக்கு எங்காவது ஒதுங்கியிருப்பான், போனை ரூமிலேயே விட்டிருப்பான். மேஜைக்குக் கீழே, கேமராவில் தோள் அசையாமல், அவன் நம்பரைத் தட்டினாள். போனை மடியில் வைத்து, மணி அடிப்பதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுக்கவில்லை. மறுபடி தட்டினாள், எடுக்கவில்லை. காலையில் அனுப்பிய செய்தியை அவன் பார்க்கவே இல்லை. கடையில் இருக்கிறான். இந்த மழையில் எந்தக் கடை திறந்திருக்கும்? திறந்திருக்கும், ஊரில் ஒரு கடை கூடவா திறக்காது. அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, பயத்தில்தான் அடிக்கிறதா, ரத்தம் இல்லாமல் அடிக்கிறதா, இப்போதெல்லாம் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. மன அழுத்தம் வரும்போது உடம்பு என்ன சொல்கிறது என்று கேளுங்கள், உடம்பு பொய் சொல்லாது என்றாள் சுபத்ரா மேடம். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் தாயே என்று சொர்ணலதா மனதுக்குள் சொன்னாள், என் உடம்பு மட்டுமில்லை, நாவலூரில் இருக்கும் உடம்பையும் சேர்த்துத்தான். சர்க்கரை இறங்கினால் அதற்கும் ஒரு எண் உண்டு. மயக்கம் ஆழமாகப் போய்க் கோமா ஆகாமல் இருந்தால் கடைசி இலக்கம் ஒன்பது. கோமா என்றால் ஒன்று. எத்தனையோ கேஸ் ஷீட்டில் ஒன்றா ஒன்பதா என்று தேடித் தேடிப் போட்டிருக்கிறாள், நர்ஸ் வந்து பார்த்தபோது நோயாளி பதில் சொன்னாரா, கண் திறந்தாரா, வரி வரியாகத் தேட வேண்டும். வீட்டில் யாரும் கவனிக்கவில்லை என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அந்த வரிக்கு எண் கிடையாது, தாண்டிப் போய்விடுவாள். தாண்டித் தாண்டித்தான் ஒரு நாளின் கணக்கை முடிக்க முடியும். ஒன்றா ஒன்பதா. ஒன்பது, ஒன்பது, ஒன்பதுதான்.

அவனுடைய வீட்டுக்கார அம்மாவின் நம்பர் அவளிடம் இருந்தது. ஆபீஸ் லேப்டாப்பைக் கொண்டுவந்த கூரியர்காரன் வழி தெரியாமல் நின்ற அன்றைக்கு, பூபாலன் கொடுத்து, அவள் பேசி வழி சொல்ல வைத்த நம்பர். கூப்பிட்டால் என்ன? கூப்பிடலாம். கூப்பிட்டு, அந்த அம்மாள் மாடிக்குப் போய், அவன் நல்ல தூக்கத்தில் இருந்து எழுந்து வந்தால் அவன் மானம் போகும். போகட்டும். கேமராவுக்கு முன்னால் போனைக் காதில் வைத்தால் முகுந்தன் பார்ப்பார், செஷன் நடுவே யார் போன், என்ன விஷயம் என்று கேட்பார். பூபாலன் என்று வாயிலிருந்து வந்தால் போதும், நெட் இல்லை என்று சொன்னாயே என்பார், பிறகு கணக்கை நோண்டுவார், வாட்ச் வரும், இரண்டு வாட்ச்சும் வரும். கேமராவை அணைத்தால் அதற்கும் கேட்பார். எழுந்து பாத்ரூம் போகிற மாதிரிப் போகலாம், ஏன் போகவில்லை? அவளுக்கே தெரியவில்லை. நிகழ்ச்சி நிரலில் கடைசியாகக் கண்ணை மூடி மூச்சுப் பயிற்சி என்று போட்டிருந்தது, அப்போது எல்லோரும் கண்ணை மூடுவார்கள், முகுந்தனும் மூடுவார், அப்போது கூப்பிட்டுவிடலாம், அதுவரைக்கும் கொஞ்சம்தானே, கொஞ்ச நேரம்தானே. இப்படி ஒரு ஏற்பாடு மனதில் உருவானதும் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அந்த ஆறுதலை நினைத்துப் பின்னால் அவள் எப்படித் துடிக்கப்போகிறாள் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. சுபத்ரா மேடம் கீரையைப் பற்றிச் சொன்னாள், தண்ணீர் குடிப்பதைப் பற்றிச் சொன்னாள், திரையைவிட்டு அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும் என்று சொன்னாள், யாரோ கேள்வி கேட்டார்கள், எழுந்து நடந்தா புள்ளி மஞ்சளாயிடுமே மேடம் என்று யாரும் கேட்கவில்லை. மழை கண்ணாடியில் அறைந்தது. சொர்ணலதா வாயிலிருந்ததை டிஷ்யூவில் துப்பிவிட்டு மறுபடி அந்தப் படத்தைப் பார்த்தாள். யார் வீட்டுக் கீரையோ, மெஸ்ஸில் வாங்கியதோ, அந்த ஒரு நாளாவது அவன் அதைத் தின்றிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

எல்லோரும் கண்களை மூடிக்கொள்ளுங்கள் என்றாள் சுபத்ரா மேடம். கட்டம் கட்டமாகக் கண்கள் மூடின. முகுந்தனும் மூடினார். சொர்ணலதா போனைக் காதோடு வைத்து அழுத்தினாள்.

"யாரு?"

"அக்கா, பூபாலன் ஆபீஸ்லேர்ந்து சொர்ணலதா பேசுறேன். அன்னைக்கு லேப்டாப் வந்தப்போ பேசினேனே."

"ஆங், தனபாக்கியம்தான், சொல்லும்மா."

"பூபாலன் போன எடுக்கல. கொஞ்சம் மேல போய்ப் பாருங்களேன்."

"மேலதான் இருக்காரு. காலைல வந்து ஃபிரிட்ஜுலேர்ந்து ஊசி மருந்த எடுத்துக்கினு போனாரு. டிபன் ஆச்சான்னு கேட்டேன், வேலைய முடிச்சுட்டு கடைக்குப் போறேன்க்கான்னாரு. இந்த மழைல எங்க போறது, ஒரு கடையும் தொறக்கல."

"அக்கா, உடனே போங்க. போகும்போது சர்க்கரை கொஞ்சம் எடுத்துட்டுப் போங்க. கட் பண்ணாதீங்க."

அவள் குரலில் எதைக் கேட்டாளோ, தனபாக்கியம் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. டப்பா திறக்கும் சத்தம், வெளிப் படிக்கட்டில் மழைச் சத்தம், ஏறுகிறவளின் மூச்சு. மூச்சை உள்ளே இழுங்கள் என்றாள் சுபத்ரா மேடம். கதவைத் தட்டும் சத்தம். தம்பி. தம்பி. மெதுவாக வெளியே விடுங்கள். கதவு சும்மாதாம்மா சாத்தியிருக்கு என்று தனபாக்கியம் சொன்னாள், கதவு திறக்கும் சத்தம்.

"டேபிள் மேல தலைய வச்சுப் படுத்துக்கினு இருக்காரும்மா. கம்ப்யூட்டர் ஓடுது, மவுஸு ஒரு வாட்ச் மேல இருக்கு. தம்பி, எந்திரிப்பா. எந்திரிக்கலியேம்மா. சட்டையெல்லாம் தொப்பலா நனஞ்சிருக்கு, மழைல போய்ட்டு வந்தாரா?"

அது மழை இல்லை, வேர்வை என்று சொர்ணலதாவுக்குத் தெரியும். எத்தனை கேஸ் ஷீட்டில் படித்திருக்கிறாள். "தட்டுங்கக்கா, கன்னத்துல நல்லா தட்டுங்க. கண்ணு தெறக்குறானா?"

"இல்லம்மா. உடம்பு ஜில்லுனு இருக்கு." தனபாக்கியம் கீழே பார்த்துக் கத்தினாள், "ஏங்க, நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க," பிறகு இவளிடம், "வாய் இறுகிப்போயிருக்கும்மா, சர்க்கரைய எப்படிப் போடுறது?"

"உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல தடவுங்க. மூச்சு இருக்கா பாருங்க. மூக்குக்கிட்ட கைய வச்சுப் பாருங்க."

"வச்சுக்கினுதான் இருக்கேன். மேல ஃபேன் ஓடுதும்மா. கைல படுற காத்து அதோடதா இவரோடதான்னு தெரியல."

சொர்ணலதா எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று தெரியாது. அவளுடைய கட்டத்தில் இப்போது குர்தாவின் நடுப்பகுதியும் ஒரு கையும் மட்டும் தெரிந்தன. திரை முழுக்க மூடிய கண்கள், சாந்தமான முகங்கள், ஒருத்தர் கூடப் பார்க்கவில்லை. மைக் அணைந்திருந்ததால் ஒருத்தருக்கும் கேட்கவும் இல்லை.

"ஃபேன நிறுத்துங்கக்கா," என்றாள்.

சுவிட்ச் சத்தம் கேட்டது. இறக்கைகள் வேகம் குறைந்து கிறீச்சிடுவது போன் வழியாக அவளுக்கு வந்தது, பிறகு அதுவும் இல்லை, மழை மட்டும். மூச்சு இருக்கிறதா என்று சொர்ணலதா கேட்கவில்லை. கேட்காமல் இருக்கும்வரை அவன் இருந்தான்.

"ஃபேன் நின்னுடுச்சும்மா," என்றாள் தனபாக்கியம். "கைல காத்து எதுவும் படல."

"சர்க்கரையைத் தடவுங்கக்கா," என்றாள் சொர்ணலதா. "தடவிக்கிட்டே இருங்க."